டேஞ்சர்: மின்கம்பத்துக்கு வருமுன் இருந்த இடம்

டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் மண்டையோட்டுப் படத்தோடு தொங்குகிறதே, அதே சொல்தான். அபாயம், ஆபத்து, இடர் என்று எதைப் போட்டாலும் அங்கே பொருந்தும். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரைப் படிக்க உட்கார்ந்தால் இந்த மூன்றுமே கைவிட்டுவிடும். அவருடைய ‘காண்டர்பரி கதைகள்’ நூலில் பாத் ஊர்க்காரி அலிசன் தன் ஐந்தாவது புருஷனைப் பற்றிச் சொல்கிறாள்: அவனைத்தான் நான் அதிகம் நேசித்தேன், ஏனென்றால் காதலில் என்னிடம் அவன் ‘டேஞ்சரஸாக’ இருந்தான். அவன் அவளை அடித்தவன் என்பது உண்மை. ஆனால் இந்த வரியில் அவள் சொல்வது அந்த அடியை அல்ல. லேசில் மசியாமல் எட்டவே நின்றான் என்கிறாள்.

வேர் லத்தீனில் இருக்கிறது. டோமினுஸ் என்றால் எஜமான், ஆண்டை. எஜமானின் அதிகாரத்துக்குப் பேச்சு லத்தீனில் உருவான சொல் பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதன் பொருள் ஆளுகை, பிடி. சாசரின் நூலிலேயே, திருச்சபை நீதிமன்றத்துக்கு ஆட்களை இழுத்துப்போகும் சேவகன் ஒருவன் தன் வட்டாரத்து இளசுகளை எல்லாம் ‘டேஞ்சரில்’ வைத்திருக்கிறான். (இளசுகள் என்று நான் எழுதிய இடத்தில் மூலத்தில் இருப்பது ‘கேர்ள்’. அன்றைக்கு அந்தச் சொல் பையன்களையும் சேர்த்தே குறித்தது.) ஒருவன் பிடியில் இருந்தால் அவனால் கெடுதல் வரலாம் அல்லவா? அந்த வழியாகத்தான் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘அபாயம்’ என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. பழைய பொருளும் உடனே போய்விடவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நீதிமன்றக் காட்சியில் போர்ஷியா, நீ இவனுடைய டேஞ்சரில்தானே நிற்கிறாய் என்று அன்டோனியோவைக் கேட்பது, அவனுக்குக் கடன்கொடுத்த ஷைலக்கின் பிடியைத்தான்.

சரி, இது காதலுக்குள் எப்படி வந்தது? அந்தக் காலத்து ஐரோப்பிய வீரக்காதல் கதைகளில் வீரன் தன் பிரபுவின் முன் மண்டியிடுவது போலவே காதலியின் முன்னும் மண்டியிடுகிறான். மண்டியிட்டவன் ஆள் என்றால் எதிரே நிற்பவள் ஆண்டை. அவளிடம் இருக்கிற ஆண்டைத்தனம்தான் டேஞ்சர்: இணங்கலாம், இணங்காமலும் போகலாம் என்ற அதிகாரம்.

இதை ஓர் ஆளாகவே ஆக்கிவிட்டது ‘ரோமான் த லா ரோஸ்’ என்ற பிரெஞ்சுக் காவியம். 1230 வாக்கில் கியோம் த லோரிஸ் தொடங்கி 4,000 வரிகளோடு விட்டதை, நாற்பது வருஷம் கழித்து ழான் த மோன் முடித்தார். ஒரு பகுதியைச் சாசர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். காதலன் ஒரு தோட்டத்தில் ரோஜா மொட்டைப் பறிக்கப் போகிறான். மொட்டுதான் காதலி. காவலுக்கு நிற்பவன் பெயர் டேஞ்சர்: கறுத்து, மயிரடர்ந்து, தடியோடு இருக்கும் பட்டிக்காட்டு முரடன். ஒரு தடவை அவன் தூங்கிவிடுகிறான். முள்மரத்தடியில், தலையணைக்குப் பதில் ஒரு கட்டுப் புல்லைத் தலைக்கு வைத்துக்கொண்டு. நாணமும் அச்சமும் வந்து அவனை எழுப்பித் திட்டுகின்றன.

எனக்கு நெருடுவது இங்கேதான். முழுக் காவியத்திலும் அந்தப் பெண் ஒரு முழு ஆளாக வருவதே இல்லை. அவளுடைய ‘மாட்டேன்’ அவள் வாயில் இல்லை, ஒரு முரடன் கையில் இருக்கும் தடியில் இருக்கிறது. அப்படி ஆக்கிவிட்டால், அவளை மீறுகிறோம் என்றே காதலனுக்குத் தோன்றாது. காவலாளியை ஏமாற்றினால் போதும்.

சாசரிடம் இது இன்னும் நைச்சியமாக வரும். ‘ட்ராய்லஸும் கிரிசைடும்’ காவியத்தில் ட்ராய்லஸுக்காகத் தூதுபோகிற மாமன் பாண்டரஸ் மருமகள் கிரிசைடிடம், உன் டேஞ்சரில் கொஞ்சம் சர்க்கரை போடு, இல்லாவிட்டால் அவன் சாவுப்பழி உன் மேல் வரும் என்கிறான். அலிசனோ இதைச் சந்தைக் கணக்காகப் பார்க்கிறாள். டேஞ்சரோடுதான் நாங்கள் சரக்கையே கடைவிரிப்போம், கூட்டம் நெருக்கினால் விலை ஏறும் என்று போட்டு உடைக்கிறாள். அதே பெண்தான், புருஷன் டேஞ்சர் காட்டியதும் தானே விழுந்ததையும் ஒப்புக்கொள்கிறாள். பெண்ணுக்கென்று ஒதுக்கிய குணத்தை ஓர் ஆணுக்கு மாட்டிவிட்ட குறும்பு அந்த வரியில் இருக்கிறது.

இந்த ஆண்டைத்தனம் தாலிவரைக்கும்தான், அவர்கள் ஊர் வழக்கில் மோதிரம்வரைக்கும். சாசரின் இன்னொரு கதையில் அர்விரேகஸ், டோரிஜன் தம்பதியைச் சொல்லும்போது, அவன் காதலில் பணியாள், கல்யாணத்தில் எஜமான் என்று ஒரே வரியில் வருகிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘பிகு’ சட்டென்று நாக்கில் வருகிறது, ஆனால் அதில் ஏளனம் தூக்கல். ஊடல் சரிப்படாது, அது கூடியவர்களுக்குள் வருவது. நம் அகத்துறைகளில் ‘சேட்படை’ மிக அருகில் நிற்கிறது: தலைவனைத் தோழி சேணில், அதாவது தொலைவில், நிறுத்துவது. திருக்கோவையாரில் இதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அவன் கொண்டுவரும் சந்தனத் தழையை எங்களுக்கு இது தகாது என்று தோழி மறுக்கிறாள். இங்கும் மறுப்பு மூன்றாம் ஆள் வாயில்தான், ஆனால் அவள் தலைவியின் பக்கத்து ஆள், தடிக்காரன் இல்லை. உரை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் உதவும். கதை மொழிபெயர்ப்பில் வைத்தால் அடிக்குறிப்பு கேட்கும்.

என் தேர்வு ‘பிடி’. சேவகனின் டேஞ்சரில் இருந்த இளசுகள் அவன் பிடியில் இருந்தார்கள். காதலியின் டேஞ்சர், பிடிகொடாமை. அதிகாரம், விலக்கம் இரண்டுமே ஒரே வேரில் கிடைத்துவிடுகின்றன. அலிசனின் வரியில் வைத்துப் பார்த்தேன்: “அவனைத்தான் அதிகம் நேசித்தேன். காதலில் எனக்குப் பிடிகொடுக்காமலே இருந்தானே, அதனால்.”