ஆட்டம் நின்றால் மட்டும் போதாது

லாரியின் பின் அச்சைப் பிரித்து, புது பேரிங் போட்டுக் கட்டியாயிற்று. எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குள் கொண்டுவரும் சிறு பற்சக்கரமான பினியனைப் பிடித்து அசைத்தால் ஆட்டமே இல்லை. விரலால் தள்ளினாலே வழவழவென்று சுழல்கிறது. வேலை முடிந்தது என்று தோன்றும். பிறகு பாரத்தோடு மேடு ஏறும்போது டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதி) ஊளையிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த வழவழப்பைத்தான்.

உள்ளே இருப்பவை டேப்பர் ரோலர் பேரிங்குகள். அமெரிக்காவில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898-இல் காப்புரிமை பெற்ற வகை. உருளைகள் சாய்ந்திருப்பதால் பாரத்தையும் பக்கத் தள்ளலையும் சேர்த்தே தாங்கும். ஆனால் தள்ளலை ஒரு திசையில்தான் தாங்கும். அதனால் பினியன் தண்டில் இரண்டை எதிரெதிராக மாட்டுகிறார்கள்.

பினியன் தன்னோடு பல் பொருந்திய பெரிய சக்கரமான கிரவுனைச் சுழற்றும்போது கிரவுனும் அதைத் திருப்பித் தள்ளுகிறது. தள்ளலை வாங்கும் பேரிங் இம்மியளவு நசுங்கும். அந்த அளவுக்கு எதிர்ப் பேரிங் தளரும். வெறுமனே ஆட்டம் இல்லாமல் விட்டிருந்தால் அங்கே இப்போது இடைவெளி வந்துவிடும். தண்டு நகரும், பல் பொருந்தும் இடம் மாறும். எனவே இரண்டையும் முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்க வேண்டும். இதுதான் பிரீலோட். அதிகமாக அமுக்கினால் பேரிங் சூடேறிக் கெடும்.

சரி, இல்லாத இடைவெளியை எப்படி அளப்பது? சுழற்றக் கேட்கும் பலத்தை அளக்கலாம். பினியன் முனையில் நூலைச் சுற்றி, ஸ்பிரிங் தராசால் சீராக இழுக்க வேண்டும். மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் 4 கிலோ காட்டினால் ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். கிளம்பும்போது முள் துள்ளுவதை விட்டுவிட்டு, சுழலும்போது நிற்கும் எண்ணை எடுக்க வேண்டும். அதற்கு முன் சில சுற்றுகள் சுற்றிவிட்டால்தான் உருளைகள் இடத்தில் உட்காரும். ஆயில் சீலும் கிரவுனும் மாட்டாமல் அளப்பது நல்லது; மாட்டினால் அவற்றின் உராய்வும் கணக்கில் சேர்ந்துவிடும். சரியான எண் அந்த அச்சின் மேனுவலில் இருக்கும். பழைய பேரிங்கையே மறுபடி போட்டால் அது குறையும்.

கிரவுன் பக்கம் பல அச்சுகளில் இருபுறமும் பேரிங்கை அமுக்கும், வெட்டுகள் கொண்ட திருகு வளையங்கள் உண்டு. ஒன்றை எத்தனை வெட்டு தளர்த்துகிறோமோ, மற்றதை அத்தனை வெட்டு இறுக்கினால் பிரீலோட் மாறாது, கிரவுன் மட்டும் நகரும். நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துப் பல் இடைவெளியைச் சரிசெய்வது இப்படித்தான். பேரிங் மூடிகளை இடம் வலம் மாற்றக் கூடாது. அவற்றைக் கூட்டோடு சேர்த்துத்தான் கடைந்திருப்பார்கள்; கழற்றும்போதே அடையாளம் போடாவிட்டால் வம்பு.

கடைசியாகப் பல்லில் நிறப் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடம் பல்லின் நுனியிலோ அடியிலோ விழுந்தால் பினியன் ஆழத்தை நிர்ணயிக்கும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்ற வேண்டியதுதான். சில அச்சுகளில் அந்த ஷிம் பினியன் பேரிங்குக்குப் பின்னால் இருக்கும். அப்படியென்றால் அந்த பேரிங்கை உருவி, ஷிம் மாற்றி, நூலையும் தராசையும் மறுபடி எடுக்க வேண்டும்.