மின்தூண்டல்: மூளை நரம்பை உசுப்பும் கரண்டு

மூளைக்குள் கம்பி இறக்கி நடுக்கத்தைக் குறைக்கும் சிகிச்சை யாருக்காவது நடந்தால், திருநெல்வேலிப் பக்கம் அந்தச் சேதி "தலையில கரண்டு வச்சிருக்காவ" என்றுதான் தெருவெல்லாம் போகும். கேட்கிறவருக்கு ஈபி கம்பத்திலிருந்து லைன் இழுத்த மாதிரி ஒரு பயம். புத்தகத் தமிழில் இதற்குப் பெயர் மின்தூண்டல்.

ஆங்கிலத்தில் ஸ்டிமுலேஷன் என்கிறார்கள். லத்தீனில் ஸ்டிமுலஸ் என்றால் மாட்டை விரட்டும் முள்கோல், நம்ம வண்டிக்காரர்கள் கையில் நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சி இருக்குமே, அதே சாமான். தமிழில் தூண்டு என்றதும் நினைவுக்கு வருவது விளக்கு. திரி கருகிச் சுடர் இறங்கும்போது குச்சியால் திரியை ஏற்றிவிடுவோம், அந்தக் குச்சிதான் தூண்டுகோல். அந்த வேலையே வைக்காமல் எரிவது தூண்டாமணி விளக்கு. எண்ணெயும் நெருப்பும் விளக்கிலேயே இருக்கின்றன, குச்சி எதையும் ஊற்றுவதில்லை. நரம்புச் செல்லில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்பதால், லத்தீன்காரன் சொல்லைவிட நம்ம சொல் ஒரு படி மேல் என்பேன்.

செல்லிடம் ஏற்கெனவே மின்சாரம் இருக்கிறது. சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் மைனஸில் நிற்கும். பக்கத்தில் மின்முனையை வைத்து எதிர்மின் துடிப்பு ஒன்று கொடுத்தால் சவ்வின் வெளிப்புறமும் மைனஸ் பக்கம் சரிந்து, உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த வித்தியாசம் சுருங்குகிறது. அது 55 வாக்கில் வந்ததும் சவ்விலுள்ள சோடியம் கதவுகள் படபடவென்று திறக்க, சோடியம் அயனிகள் உள்ளே பாய, ஒரு மில்லிசெகண்டுக்குள் உட்புறம் பிளஸ் ஆகிவிடும். அப்புறம் அந்த அலை தன் சொந்தச் செலவில் ஆக்சான் (செல்லின் உடலிலிருந்து நீளும் நரம்பிழை) வழியே ஓடும், நாம் கொடுத்த கரண்டு அங்கே தேவையே இல்லை. அந்த எல்லையை எட்டவில்லையா, அலையே கிளம்பாது. அரை அலை, முக்கால் அலை எல்லாம் கிடையாது.

சரி, விழிப்பது எந்தச் செல்? 1870இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் இருவரும் நாயின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், ஓரிடத்தில் கரண்டு வைத்தபோது எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. இதைப் படித்தால், தொட்ட இடத்துச் செல்தான் விழிக்கிறது என்று தோன்றும். ஆனால் செல்லின் உடலைவிட ஆக்சான்தான் சுலபமாகத் தூண்டப்படுகிறது. எங்கிருந்தோ வந்து எங்கோ போகிற ஆக்சான் மின்முனையை உரசிக்கொண்டு போனால் அதில் அலை கிளம்பி இரண்டு பக்கமும் ஓடும், தூரத்தில் இருக்கும் அதன் செல்லும் விழித்துக்கொள்ளும். 2009இல் எலி, பூனை மூளைகளில் செல்களை ஒளிரவைத்துப் பார்த்தார்கள். குறைந்த மின்னோட்டத்தில் விழித்தவை மின்முனையைச் சுற்றிக் கும்பலாக இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன.

பார்க்கின்சன் நடுக்கத்துக்கு வைப்பது ஆழ்மூளைத் தூண்டல் (ஆழ்மனம் மாதிரி காதில் விழுகிறது, என்ன செய்ய). 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் என்ற மூளை அறுவை மருத்துவர் தொடங்கியது. நொடிக்கு ஏறத்தாழ 130 துடிப்பு, ஒவ்வொன்றும் 60 மைக்ரோசெகண்ட் அளவு. பேட்டரி நெஞ்சுத் தோலுக்கு அடியில் இருக்கும், ஈபி கம்பத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

சொல்லில் ஒரே ஒரு வில்லங்கம். பள்ளி இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் என்பது வேறு, காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்னோட்டம் பிறப்பது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க்கர் குழு செய்த கருவி இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டது: தலைக்கு மேல் வைத்த சுருள் மூளைக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்த மின்னோட்டம் நரம்பைத் தூண்டுகிறது. படிக்கிற பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? அதனால் மொட்டையாக மின்தூண்டல் என்று எழுதாமல் நரம்பு மின்தூண்டல் என்றே எழுதலாம். செல் விழிப்பதற்குச் செயலூக்கம், கிளர்வு என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது உசுப்புதல். நம்ம பக்கம் தூங்குகிறவனை எழுப்பத்தான் உசுப்புவோம், அதனால் பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். கட்டுரையில் எழுதினால் மட்டும் வெளியூர்க்காரர்கள் யாரோ யாரையோ சண்டைக்கு ஏற்றிவிடுவதாக நினைத்துக்கொள்வார்கள்.