புகையில்லாத புகைபோக்கி

தண்ணீரைச் சூடாக்கும் வீட்டு எரிவாயுக் கொதிகலனைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது பற்றித் தமிழில் வெளிவரும் குறிப்புகளில் ‘புகைபோக்கியைச் சுத்தமாக வைத்திருக்கவும்’ என்ற வாக்கியத்தைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. எரிந்து தீர்ந்த வாயுக்களைக் கொதிகலனிலிருந்து வீட்டுக்கு வெளியே கொண்டு சேர்க்கும் குழாயைத்தான் இங்கே புகைபோக்கி என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஃப்ளூ எனப்படும் அந்த உறுப்புக்கு, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒழுங்காக எரியும் எரிவாயுக் கொதிகலனில் புகையே கிடையாது என்பது இச்சொல்லின் சிறிய குறை. அக்குழாயில் உயிரைப் பறிக்கக்கூடியது எதுவோ அது கண்ணுக்குத் தெரியாது என்ற செய்தியை இது மறைத்துவிடுகிறது என்பதே பெரிய குறை.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஃப்ளூ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் எது என்பது உறுதிப்படவில்லை. சிம்னியின் வரலாறு தெளிவானது: உலையைக் குறித்த காமினோஸ் என்ற கிரேக்கச் சொல் இலத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. சிம்னி என்பது கட்டடத்தின் உறுப்பு. ஃப்ளூ என்பது வாயு செல்லும் வழி. ஒரே சிம்னிக்குள் இரண்டு மூன்று ஃப்ளூக்கள் இருக்கலாம். புகைபோக்கி சிம்னிக்காகப் பிறந்த சொல். இடிதாங்கி, வழிகாட்டி என்பவற்றைப் போல இகர விகுதி பெற்று, செய்யும் வேலையைப் பெயரிலேயே சொல்லும் நல்ல சொல். விறகும் கரியும் எரியும் அடுப்புக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றைத் தேட வேண்டியதில்லை. ஃப்ளூ என்றே ஒலிபெயர்த்துவிடலாம் என்றால், தமிழ்க் காதில் அது காய்ச்சலாகத்தான் விழும். எரிதல் அரைகுறையானால் அக்குழாயில் சேரும் கார்பன் மோனாக்சைடு நஞ்சின் தொடக்க அறிகுறிகளான தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு ஆகியவை காய்ச்சல் வராத ஃப்ளூவைப் போலவே இருப்பதால், அந்தக் குழப்பத்தை நாமே விலைக்கு வாங்க வேண்டாம்.

அந்தக் குழாயில் உண்மையில் போவது என்ன? இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கன மீட்டர் எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்தபின் கரியமில வாயுவும் நீராவியும் மிஞ்சும், காற்றிலிருந்த நைட்ரஜன் அப்படியே வெளியேறும். நீராவி மட்டுமே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். இவற்றில் எதற்கும் நிறம் இல்லை. காற்று போதாமலோ, எரிமுனையில் தூசி அடைத்தோ, வெளியேறும் வழி மறிக்கப்பட்டோ எரிதல் அரைகுறையானால் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கும் நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும் அந்த வாயுவைப் ‘புகை’ என்ற சொல்லுக்குள் அடைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. இன்றைய சுருக்க வகைக் (கண்டென்சிங்) கொதிகலன்கள், வெளியேறும் வாயுவிலுள்ள நீராவியைக் குளிர்வித்து நீராக்கி அதன் வெப்பத்தையும் மீட்டுக்கொள்கின்றன. மீந்த ஈரம் குளிர்ந்த வெளிக்காற்றில் பட்டதும் வெண்மையான மூட்டமாகத் தெரியும். புகைபோக்கி என்று படித்தவர் அந்த வெண்மையைக் கண்டால் பதறுவார். அது வெறும் நீர்த்துளி. ஒன்றும் தெரியாத நாளில் நிம்மதியாக இருப்பார். அன்றுதான் குழாய் அடைத்திருக்கக்கூடும். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சவும், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருக்கவும் கற்றுத்தரும் சொல்லைப் பாதுகாப்புக் குறிப்பில் வைத்திருப்பது என்ன நியாயம்?

பழகிய சொல்லைக் கலைக்காதே என்பவர்கள், புகை என்பது ஆவியையும் மூடுபனியையும் குறிக்கும், ஆகவே எல்லா வாயுவுக்கும் பொருந்தும் என்கிறார்கள். ஆவியும் மூடுபனியும் கண்ணுக்குத் தெரிபவை. பொருள் எவ்வளவு விரிந்தாலும் ‘காணப்படுவது’ என்ற கரு புகையை விட்டு நீங்குவதில்லை. ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்ற பழமொழியைத் திருப்பிப் போட்டால் உண்மையாகாது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட தருக்க நூலார், நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அதற்கு மறுப்பாகக் காட்டினார்கள். எரிவாயுச் சுடரும் அந்த இரும்பின் இனம்தான்.

மறு கோடியில் தனித்தமிழ் ஆர்வலர்களின் ‘எரிவளிக்குழல்’ நிற்கிறது. புகையை நீக்கிவிட்டார்கள், வடசொல்லான வாயுவையும் நீக்கிவிட்டார்கள் என்பதால் பலருக்கு இதன்மேல் பற்று. எனக்கு இது புகைபோக்கியைவிட ஆபத்தாகத் தோன்றுகிறது. எரிவளி என்பது வினைத்தொகை. வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்கும். எரிந்த வளி, எரிகின்ற வளி, எரியும் வளி என மூன்றுக்கும் அது இடம் தரும். ஊறுகாயில் ஊறிய காயா, ஊறும் காயா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. கொதிகலனிலோ எரியப்போகும் வாயுவைக் கொண்டுவரும் குழாய் ஒன்று, எரிந்து முடிந்ததைக் கொண்டுபோகும் குழாய் வேறொன்று. முன்னதில் கசிவு என்றால் வெடிப்பு அச்சம். எரிவாயு நிறுவனங்கள் சேர்க்கும் நாற்றப்பொருளால் மூக்கு எச்சரித்துவிடும். பின்னதில் கசிவு என்றால் மூக்குக்கு வேலையே இல்லை. ‘எரிவளிக்குழலில் கசிவு இருந்தால்’ என்று தொடங்கும் வாக்கியத்தை எந்தக் குழாய்க்குப் பொருத்துவது? எரிவளி என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது சமையல் எரிவாயுவே. எனவே தவறான குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு நாற்றமில்லை என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். தூய்மையில் எனக்குப் பகையில்லை. ஆனால் இரண்டு குழாய்களை ஒன்றாக்கும் தூய்மை இவ்விடத்துக்கு ஆகாது.

நான் பரிந்துரைப்பது ‘கழிவாயுக் குழாய்’. எரிவாயு உள்ளே வருகிறது, கழிவாயு வெளியே போகிறது. இரண்டு சொற்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, எதிர்த் திசைகளைக் காட்டுகின்றன. இதுவும் வினைத்தொகைதான், ஆயினும் கழிந்த, கழிகின்ற, கழியும் என எந்தக் காலத்தில் விரித்தாலும் திசை மாறுவதில்லை. தெரிவதா தெரியாததா என்பதைப் பற்றி இச்சொல் எதுவும் சொல்லாததே இதன் சிறப்பு. வயிற்று வாயுவை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அதையும் வீட்டுக்குள் அடைத்துவைப்பது நல்லதல்ல. வாயு வேண்டாம் என்பவர்கள் கழிவளிக் குழாய் என்று எழுதலாம், எனக்கு மறுப்பில்லை. கொதிகலன் என்பதே பிழைதானே, வீட்டுக் கொதிகலனில் தண்ணீர் பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரி செல்சியசுக்குள்தானே சூடாகிறது என்று கேட்பவர்களும் உண்டு. பிழைதான், ஆனால் அந்தப் பிழையால் எவர் உயிருக்கும் கேடில்லை.

சொல்லோடு கேடு நிற்பதில்லை, வாக்கியத்துக்கும் பரவுகிறது. வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தை மறைக்காமல் வைத்திருங்கள் என்பது ஆங்கில மூலத்தின் கருத்து. தமிழில் அது ‘புகைபோக்கி முனையத்தைத் தெளிவாக வைத்திருக்கவும்’ என்றாகிறது. முனையம் என்றால் விமானம் ஏறும் இடம் என்றும், தெளிவு என்றால் பளபளப்பு என்றும் ஒருவர் கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சிம்னியைப் போல உள்ளே தூரிகை விட்டுத் தேய்க்க வேண்டும் என்று எண்ணி அவர் குழாயை அசைத்தால், இணைப்புகளின் இறுக்கம் விட்டுப்போய்க் கழிவாயு வீட்டுக்குள்ளேயே கசியும். பல கொதிகலன்களில் இது குழாய்க்குள் குழாயாக அமைந்தது: உட்குழாய் கழிவாயுவை வெளியேற்ற, வெளிக்குழாய் எரிவதற்கான காற்றை உள்ளிழுக்கிறது. போக்கி என்ற பெயரைக் கேட்டவருக்கு, அதன் வாயை மூடினால் மூச்சும் நின்றுவிடும் என்று தோன்ற வழியில்லை. வீட்டார் செய்ய வேண்டியது எளிது: கொதிகலனை நிறுத்தி, ஆறியபின், மேலுறையை ஈரம் பிழிந்த துணியால் துடைக்கலாம், சுவருக்கு வெளியே குழாய்வாயைச் செடி, பறவைக்கூடு, பனி மறைக்காமல் பார்க்கலாம், காற்றுத் துளைகளை அடைக்காதிருக்கலாம். மேலுறையைத் திறப்பதும், எரிமுனையையும் கழிவாயுக் குழாயையும் சுத்தம் செய்வதும் தகுதி பெற்ற தொழில்நுட்பரின் ஆண்டுப் பராமரிப்பில் அடங்கும். அந்தப் பராமரிப்பையும் ‘சேவை’ என்று பெயர்த்து, கொதிகலனுக்கு ஆண்டுதோறும் சேவை செய்யச் சொல்கிறார்கள். கோயில் கொதிகலனா என்று தெரியவில்லை.

புகை என்ற சொல் செய்யும் மிகப் பெரிய கேடு எச்சரிக்கைக் கருவியின் பெயரில்தான். கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானைப் ‘புகை அலாரம்’ என்று பெயர்க்கும் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். குழாய்க்குப் புகைபோக்கி என்று பெயர் வைத்துவிட்டால், அதில் போவது புகை, அதைக் கண்டுபிடிப்பது புகை அலாரம் என்று மனம் தானாகவே வழுக்கிச் செல்கிறது. புகை அலாரம் காற்றில் மிதக்கும் துகள்களை உணர்வது. அது கார்பன் மோனாக்சைடை உணராது. வீட்டில் ஏற்கெனவே புகை அலாரம் இருப்பவர் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத் தம் கடமை முடிந்தது என்று உறங்கப் போவார். வேறு சிலர் கார்பன் மோனாக்சைடையே கரியமில வாயு என்று எழுதிவிடுகிறார்கள். கரியமில வாயுவோ நாம் மூச்சில் வெளிவிடும் வாயு. இலங்கைப் பாடநூல்களின் காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு என்ற இணையில் ஓர், ஈர் என்ற எண்களே வேறுபாட்டைச் சொல்லிவிடுகின்றன. அத்தகைய கவனத்தை மொழிபெயர்ப்பாளரிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது. ‘கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான்’ என்று முழுப்பெயரை ஒவ்வொரு முறையும் எழுதினால் பக்கம் சற்று நீளும். நீளட்டும். அக்கருவியின் உணரிக்கும் ஆயுள் உண்டு என்பதையும், மேலே அச்சிட்ட காலாவதித் தேதி கடந்தால் பொத்தானை அழுத்தும்போது ஒலித்தாலும் அதை மாற்றிவிட வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்து எழுதலாம்.