பூட்டிய கட்டுரைக்கு இன்னொரு வாசல்

கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். பள்ளிக்கு மேலே புல்வெளியும் சோலையும் கோடு கிழித்தாற்போல அருகருகே நிற்கின்றன. சோலை மரங்கள் ஏன் புல்வெளிக்குள் இறங்குவதில்லை என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். புல்வெளியில் விழும் உறைபனி நாற்றுகளைக் கருக்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தில் அவர் படித்தார். முழுக் கட்டுரையைத் திறக்கப் போனால் முப்பது டாலருக்கு மேல் கேட்டது. "எங்கள் மலையில் நடந்த ஆய்வை நாங்களே படிக்க முடியாதா?" என்பது அவர் கேள்வி.

பெரும்பாலும் படிக்க முடியும். எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும்.

ஓர் ஆய்வுக் கட்டுரை மூன்று வடிவங்களில் உலவுகிறது. இதழுக்கு அனுப்பும் முன் எழுதிய முன்வரைவு முதலாவது. சக ஆய்வாளர்கள் படித்துக் குறை சொல்லி, திருத்தி, இதழ் ஏற்றுக்கொண்ட கையெழுத்துப்படி இரண்டாவது. பதிப்பகம் அச்சுக்கோத்து அழகுபடுத்தி வெளியிடுவது மூன்றாவது. விலைப்பூட்டு பெரும்பாலும் இந்த மூன்றாவதன் மேல்தான் தொங்குகிறது. முதல் இரண்டையும் ஆய்வாளரே பொதுவில் வைக்கப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. இரண்டாவதற்குச் சில மாதக் காத்திருப்பு விதிப்பதும் உண்டு.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் கிரேப்ஸ்-3 என்ற கருவித் தொகுதி இயங்குகிறது. வானிலிருந்து ஓயாமல் பொழியும், மின்னூட்டம் கொண்ட மியூவான் என்ற நுண்துகள்களை அது எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது அந்த எண்ணிக்கை சற்றே குறைந்தது. அந்தக் குறைவைக் கொண்டு, மேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2019-ல் அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் அது வெளிவந்தது. அதே கட்டுரை ஆர்கைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியத்திலும் இருக்கிறது. யாரும் காசின்றிப் படிக்கலாம். 1991-ல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் தொடங்கிய களஞ்சியம் அது.

ஒரே கட்டுரையின் படிகள் இப்படிப் பல இடங்களில் கிடந்தால், எது எதனுடைய படி என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதில்தான் எனக்குச் சலிக்காத ஒரு ஏற்பாடு இருக்கிறது: டி.ஓ.ஐ. (Digital Object Identifier) என்ற அடையாள எண். இன்று வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் முதல் பக்கத்தில், 10 என்று தொடங்கி நடுவில் ஒரு சாய்கோட்டுடன் நிற்கும் குறியீடு அது.

நம் இடிமேகக் கட்டுரையின் எண்ணையே பிரித்துப் பார்ப்போம். சாய்கோட்டுக்கு முன்னால் 10.1103 என்று இருக்கும். 10 என்றால் இது டி.ஓ.ஐ. குடும்பத்தைச் சேர்ந்தது; 1103 அமெரிக்க இயற்பியல் சங்கத்துக்கு ஒதுக்கிய எண். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது பதிப்பகத்தின் விருப்பம். இங்கே இதழின் பெயர்ச்சுருக்கம், தொகுதி 122, கட்டுரை எண் 105101.

இது முகவரி அன்று, பெயர். தேயிலைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் இந்த லைன் வீட்டிலிருந்து அடுத்த லைனுக்கு மாறினால், பழைய கதவு எண்ணுக்கு வந்த கடிதம் அனாதையாகிவிடும். பெயர் எழுதித் தோட்ட ஆபீசுக்கு அனுப்பினால், இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஆபீசில் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். டி.ஓ.ஐ. எண்ணைச் சொடுக்கும்போது நீங்கள் முதலில் போவதும் அப்படி ஓர் ஆபீசுக்குத்தான். அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது: இந்தப் பெயருக்கு இன்றைய முகவரி இது. கண்ணிமைக்கும் நேரத்தில் உங்களை அங்கே திருப்பிவிடுகிறது. பதிப்பகம் கைமாறினாலும், இணையதளம் அடியோடு மாறினாலும், பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்; பத்தாண்டுக்கு முன் அச்சான எண்ணும் வேலை செய்யும். இதற்கு அடியில் ஓடும் அமைப்பை உருவாக்கியவர் ராபர்ட் கான். இணையத்தின் அடிப்படை நெறிமுறையை விண்ட் செர்ஃபுடன் சேர்ந்து வடித்த அதே கான்!

பெயர் நிலைத்துவிட்டால் தேடுவது எளிது. அன்பேவால் (Unpaywall) என்ற இலாப நோக்கற்ற சேவை, உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகக் களஞ்சியங்களின் அட்டவணைகளைத் திரட்டி வைத்திருக்கிறது. களஞ்சியத்தில் கிடக்கும் படியில் டி.ஓ.ஐ. எண் இல்லாமற்போனால், தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஒப்பிட்டுப் பொருத்துகிறது. உலாவியில் அதன் நீட்டிப்பை நிறுவிக்கொண்டால், பூட்டிய பக்கத்தின் ஓரத்தில் பச்சை நிறப் பூட்டு ஒன்று திறந்த நிலையில் தெரியும். அதை அழுத்தினால் சட்டப்படி பொதுவில் வைத்த படி திறக்கும்.

இலவசமாகக் கிடைப்பது மட்டமானது என்ற மூடநம்பிக்கை படித்தவர்களிடமே இருக்கிறது. பெங்களூரின் இந்திய அறிவியல் அகாதமி தன் இதழ்களை வாசகர்களிடம் காசு வாங்காமல் படிக்கத் தருகிறது. அவற்றை மட்டமென்று யார் சொல்வார்கள்? மறுபுறம், ஆய்வாளரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு எதையும் சரிபார்க்காமல் வெளியிடும் போலி இதழ்களும் திறந்தேதான் கிடக்கின்றன. கதவு திறந்திருப்பதை வைத்து உள்ளிருப்பதை எடைபோட முடியாது. டி.ஓ.ஐ. எண் இருப்பதும் தரச்சான்று ஆகாது.

மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் திறக்கின்றன. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் பள்ளி ஆசிரியைக்கும், புல்வெளியை ஆக்கிரமித்த அயல்நாட்டுச் சீகை (வாட்டில்) மரங்களைப் பிடுங்கி அதை மீட்கப் பாடுபடும் ஊர் இளைஞருக்கும் அந்தக் கதவு இல்லை. வரிப்பணத்தில் ஆய்வு செய்து, அதைப் படிக்க மறுபடியும் வரிப்பணத்தில் சந்தா கட்டுகிறோம். உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளின் ஏற்கப்பட்ட படியைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று 2014-லேயே கொள்கை வகுத்தன. அதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த இத்தனை கோடி தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியை தேடிய கட்டுரைக்குப் பச்சைப் பூட்டு வரவில்லை. கடைசி வழி ஒன்று இருந்தது. சுருக்கம் இருக்கும் பக்கத்திலேயே, பூட்டுக்கு வெளியே, தொடர்புக்குரிய ஆய்வாளரின் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் இருக்கும். படி கேட்டு நான்கு வரி எழுதச் சொன்னேன். மூன்றாம் நாள் கட்டுரை வந்துவிட்டது. கூடவே, இரவில் புல்வெளியிலும் சோலைக்குள்ளும் அளந்த வெப்பநிலை அட்டவணையையும் ஆய்வாளர் அனுப்பியிருந்தார். வரும் ஜனவரியில் பள்ளிக்கு மேலே இரண்டு வெப்பமானிகள் வைத்துப் பிள்ளைகளே அளக்கப்போகிறார்கள்.