மரபணு ‘சுயவிவரம்’: யாருடைய விவரம்?

இரத்தப் புற்றுநோய் பற்றிய விளக்கத் தாள்களில் ‘மரபணு சுயவிவரம்’ (ஆங்கிலத்தில் ஜெனடிக் புரொஃபைல்) என்றொரு சொல் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. கூடவே அதன் ஜோடி, ‘ஆபத்து அடுக்குப்படுத்தல்’ (ரிஸ்க் ஸ்ட்ராட்டிஃபிகேஷன்). பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி பக்கம் ஒரு டீக்கடையில், இப்படி ஒரு தாளைக் கையில் வைத்திருந்த அண்ணாச்சி கேட்டார்: “சுயவிவரம்னா பயோடேட்டாதான? அதத்தான் சீட்டு போடும்போதே எழுதிக் குடுத்தாச்சே, மறுபடி எதுக்குக் கேக்காவ?” நியாயமான கேள்வி. மொழிபெயர்த்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சொல் பிறந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ‘புரொஃபைல்’ இத்தாலியிலிருந்து வந்தது. ஓர் உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் இழுத்துக் காட்டுவது என்று பொருள். உள்ளே இழை என்று பொருள்படும் லத்தீன் சொல் கிடக்கிறது. அடுக்கு என்று நாம் எழுதும் ‘ஸ்ட்ராட்டம்’ லத்தீனில் விரித்துப் பரப்பியது. ‘ரிஸ்க்’கின் மூலம் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. மூன்றிலும் ‘சுய’ என்பதற்கு இடமே இல்லை. அது எங்கிருந்து வந்தது? சமூக வலைத்தளத்தில் நம் பெயரும் படமும் போடும் பக்கத்துக்குச் சுயவிவரம் என்று பெயர் வைத்தார்கள். அங்கே சரி, நம்மைப் பற்றி நாமே எழுதுகிறோம். அதே சொல்லை எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்குத் தூக்கி வந்தால்?

இங்கேதான் எனக்குக் கோபம். பரிசோதனை பார்ப்பது நோயாளியின் ‘சுய’த்தை அல்ல, புற்றாகிப்போன அணுக்களை, அதாவது செல்களை. ஏஎம்எல் என்று சுருக்கிச் சொல்லும் கடும் மைலாய்டு இரத்தப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தேடும், என்பிஎம்1, எஃப்எல்டி3 என்ற மரபணுக்களின் மாற்றங்கள் பிறப்போடு வந்தவை அல்ல. வாழ்நாளில் ஏதோ ஓர் அணுவில் பிழை நேர்ந்து, அது பெருகியதில் வந்தவை. பிள்ளைக்குப் போவதில்லை. பரம்பரையாக வரும் மாற்றங்களும் உண்டு, ஆனால் அவை சிறுபான்மை. தமிழில் ‘மரபணு’ என்ற சொல்லுக்குள்ளேயே மரபு உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் ‘சுய’த்தையும் நட்டுவைத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? குடும்பத்து நோய் என்று. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் அந்தத் தாளை மறைத்து வைப்பார்கள். ஒரு சொல் செய்கிற வேலையா இது?

‘மரபணுக் கைரேகை’, ‘மரபணு அடையாளம்’ என்பாரும் உண்டு. அதெல்லாம் போலீஸ் வழக்குக்கும் தகப்பன் யார் என்ற வழக்குக்கும் போய்ச் சேர்ந்த சொற்கள், விட்டுவிடுவோம். என் கட்சி ‘மரபணுப் பாங்கு’. பாங்கு என்றால் அமைந்திருக்கும் விதம். முதல் முறை எழுதும்போது ‘புற்றணுவின் மரபணுப் பாங்கு’ என்று முழுசாக எழுதிவிட்டால் யாருடையது என்ற குழப்பமும் தீர்ந்தது. நான் தனித்தமிழ்க்காரன் இல்லை. ‘புற்று செல்லின் ஜீன் மாற்றங்கள்’ என்று எழுதினாலும் கைதட்டுவேன். சுத்தமாக இருக்கிறதா என்பதைவிட, படித்தால் விளங்குகிறதா என்பதே எனக்கு முக்கியம்.

அடுத்தது ‘ஆபத்து அடுக்கு’. தாமிரபரணியில் தண்ணீர் ஏறும்போது மைக் கட்டி ‘வெள்ள அபாயம்’ என்று சொல்லிப் போவார்கள். அதைக் கேட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடணும். ஆபத்தும் அபாயமும் நம் காதில் வாசலுக்கு வந்துவிட்ட வெள்ளம். மருத்துவர் ‘ரிஸ்க்’ என்பது அதையல்ல. ஆற்றங்கரைக் குறுக்குத்துறைக்காரர் வீடு பள்ளத்தில் இருக்கிறது என்கிற மாதிரி. மழை பெய்தால் முதலில் எது முழுகும் என்ற கணக்கு. வழக்கமான கீமோவுக்கு நோய் எவ்வளவு கட்டுப்படும், திரும்பி வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. இதற்கு ‘இடர்’ பொருந்தும். பழைய தமிழில் அதற்குத் துன்பம் என்றே பொருள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பேரிடர் மேலாண்மை’ வந்த பிறகு, முன்கூட்டியே கணக்குப் போட்டு வைப்பது என்ற வாடை அதில் ஏறிவிட்டது.

‘அடுக்கு’ என்றதும் ஒருவர் தலைமேல் ஒருவரை ஏற்றி வைத்த மாதிரி தோன்றுகிறது. ‘தரம் பிரித்தல்’ என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதியிருந்தார். நிலப் பதிவேட்டில் மண்ணுக்குத் தரம் போடலாம், மனுசனுக்கா? அதோடு இந்தப் பிரிவு நிலையானதும் இல்லை. ஐரோப்பிய லுக்கீமியா வலையமைப்பின் 2017 பரிந்துரையில், என்பிஎம்1 மாற்றத்தோடு எஃப்எல்டி3 நீட்சி (அந்த மரபணுவின் ஒரு துண்டு இரட்டித்துப் போவது) குறைந்த அளவில் இருந்தால் சாதகப் பிரிவு, அதாவது நோய் நன்றாகக் கட்டுப்படும் வகை. 2022இல் அளவு பார்க்காமல் அவர்களை நடுப்பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். நோயாளி மாறவில்லை, கணக்குதான் மாறியது. டிபி53 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் பாதகப் பிரிவில். அப்படி இருந்தால் உடம்பு தாங்குகிறவர்களுக்கு ஸ்டெம் செல் மாற்று பற்றி மருத்துவர்கள் சீக்கிரமே பேச ஆரம்பிப்பார்கள். இதற்கு ‘இடர்நிலை வகுத்தல்’ என்பதே போதும்.

தாளில் வரும் மூன்று பிரிவுகளுக்கும் ‘சாதகம், நடு, பாதகம்’ என்றே போடுகிறார்கள். ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கிறது. ‘குறை இடர், நடு இடர், மிகை இடர்’ என்று போடலாம். நேரில் பேசும்போது நம்மூர் டாக்டர்கள் இதில் எதையும் சொல்வதில்லை. “இது கொஞ்சம் முரட்டு வகை, விடாமப் பாக்கணும்” என்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு யாரும் பயோடேட்டாவைத் தேடி ஓடுவதில்லை.