அழைப்பைக் கைமாற்றுவது யார்?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் போகும்போது காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று எத்தனை தொலைபேசிக் கோபுரங்களைக் கடந்தாலும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் அறுவதில்லை. ஆனால் கல்லடியில் என் சின்னம்மா நடத்தும் விருந்தினர் விடுதியில், முன் விறாந்தையில் தொடங்கிய வைஃபை காணொளி அழைப்பு பின்னறைக்குப் போவதற்குள் திணறி நின்றுவிடும். இத்தனைக்கும் பின்னறைச் சுவரிலேயே இன்னொரு வைஃபை பெட்டி இருந்தது.

கோபுரம் விட்டுக் கோபுரம் மாறும் அழைப்பில், எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது வலையமைப்பு. தொலைபேசி தனக்குக் கேட்கும் அலைகளை அளந்து சொல்லும். மாற்றும் உத்தரவு கோபுரத்திலிருந்தே வரும். வைஃபையில் முடிவு முழுவதும் தொலைபேசியின் கையில். பிடித்த பெட்டியை அது எளிதில் விடாது. ஐபோன், அலைவலு மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு வலுவைச் சொல்லும் அலகு) கீழே இறங்கிய பிறகுதான் வேறு பெட்டியைத் தேடவே தொடங்கும். அது ஒரு மில்லிவாட்டில் ஒரு கோடியில் ஒரு பங்கு! தேடிக் கண்டதும் உடனே தாவாது. அழைப்பு நடக்கும்போது புதிய பெட்டி 8 டெசிபெல்லாவது வலுவாக இருக்க வேண்டும்.

சின்னம்மா வீட்டுச் சிக்கல் இங்கேதான். அலை நன்றாக எட்டட்டும் என்று இரண்டு பெட்டிகளையும் முழு வலுவில் வைத்திருந்தார்கள். முன் பெட்டியின் குரல் பின்னறை வரை கேட்டது. தொலைபேசியும் அதை நம்பி மாறாமல் இருந்தது. ஆனால் தொலைபேசியில் அலையை அனுப்பும் பகுதி சிறியது. அது திருப்பிச் சொன்னது முன் பெட்டிக்கு எட்டவில்லை. ஒருபக்கம் மட்டும் கேட்கும் பேச்சு எத்தனை நேரம் நீடிக்கும்? வலுவைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணத்தை நான் தீர்மானமாக மறுக்கிறேன். குறைப்பதே பல வீடுகளுக்கு மருந்து.

அடிப்படைகள் சரியாக இருக்க வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை. ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண், வழங்கும் வேலை ஒரே ரவுட்டருக்கு மட்டும். இரண்டும் தனித்தனியாக வழங்கினால், மாறும் கணத்தில் தொலைபேசியின் முகவரியே மாறி அழைப்பு அறுந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய அலைவரிசைகளில் ஒன்றை முன் பெட்டிக்கும் வேறொன்றைப் பின் பெட்டிக்கும் கொடுக்க வேண்டும்.

இதற்கு மேல், வைஃபை தரநிலைகளில் மூன்று துணைகள் உண்டு. 802.11கே அண்டைப் பெட்டிகளின் பட்டியலைத் தொலைபேசிக்குக் கொடுக்கும். 2011இல் வந்த 802.11வி, ‘அந்தப் பெட்டிக்குப் போனால் நல்லது’ என்று யோசனை சொல்லும், தொலைபேசி மறுக்கலாம். 2008இல் வந்த 802.11ஆர், மாறும்போது நடக்கும் அடையாளச் சரிபார்ப்பைச் சுருக்கும். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர் கொடுக்கும் பல்கலைக்கழகம், வைத்தியசாலை போன்ற இடங்களில் இதன் பயன் பெரிது. ஒரே கடவுச்சொல் உள்ள வீட்டில் சிறிதுதான். பெட்டியில் 802.11ஆரை இயக்கினால் சில பழைய கருவிகள் இணையவே மறுக்கும். ஆகவே இயக்கிய பின் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியையும் இணைத்துப் பார்ப்பது அவசியம்.

நாங்கள் முன் பெட்டியின் வலுவை ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அழைப்பில் பேசிக்கொண்டே விறாந்தையிலிருந்து பின்னறைக்கு நடந்தோம். நான்காவது நடையில், கிணற்றடியைத் தாண்டுமுன்னே தொலைபேசி பின் பெட்டிக்கு மாறிவிட்டது.