மெல்லிய கருவிக்கு ஏற்ப மேடையின் சத்தத்தை அமையுங்கள்

எத்தியோப்பிய ஜாஸுக்கு வழிவகுத்த முலாத்து அஸ்தாத்கே, 2008இல் லண்டனில் ஹீலியோசென்ட்ரிக்ஸ் குழுவுடன் மேடையேறினார். அவர் 1943இல் ஜிம்மா நகரில் பிறந்தவர். உடன் வாசித்தவர்களோ அவரைவிட ஒரு தலைமுறை இளையவர்கள்; டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் முன்னால் நிற்கும் கனமான இசை அவர்களுடையது. அந்தச் சந்திப்பிலிருந்து 2009இல் ஓர் இசைத்தொகுப்பே பிறந்தது. மேடை ஒலியமைப்பு என் தொழில். இப்படியொரு கூட்டணி அறிவிக்கப்பட்டால் எனக்கு முதலில் எழும் கவலை, மூத்தவரின் வைப்ரஃபோன் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்குமா என்பதுதான்.

வைப்ரஃபோனில் அலுமினியப் பட்டைகளை நூல் சுற்றிய கோல்களால் தட்டுவார்கள். பட்டைகளுக்குக் கீழே குழாய்கள். அவற்றின் வாயில் மோட்டாரால் சுழலும் தகடுகள். நாதம் அலையலையாய் எழுந்து மெதுவாக அடங்கும். அந்த அடங்கலில்தான் முலாத்துவின் இசைக்கு உயிர் இருக்கிறது. மூன்று ஸ்தாயி கொண்ட வைப்ரஃபோனின் அடிப்படை அதிர்வெண்கள் சுமார் 175 முதல் 1400 ஹெர்ட்ஸ் வரை. கிட்டார், கீபோர்டு, காற்றுக்கருவிகள் எல்லாம் அதே எல்லைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பட்டைகளுக்கு மேலே வைத்த மைக்கோ, பக்கத்திலிருக்கும் டிரம்ஸின் உலோகத் தாளத்தட்டுகளின் (சிம்பல்) ஒலியையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். ஒலியைக் கூட்டினால் தட்டுகளும் கூடும். இன்னும் கூட்டினால் ஸ்பீக்கர் ஊளையிடும்.

எத்தியோப்பிய இசையின் முக்கிய சுர அளவைகள் பெரும்பாலும் ஐந்து சுரங்கள் கொண்டவை. திசித்தா என்ற அளவையின் ஒரு வடிவம் நம் மோகனத்தின் சுரங்களையே கொண்டது. அம்பாசல், கர்நாடக சுத்த சாவேரிக்கு இணையானது. அஞ்சிஹோயே இன்னும் நுட்பமானது. அதில் அரைச்சுர இடைவெளி இரண்டு இடங்களில் வருகிறது. அதன் தவிப்பே அந்த இடைவெளிகளில்தான். சத்தம் ஏற ஏற, தாழ்ந்த ஒலிகள் உயர்ந்த ஒலிகளை மேலும் மூடுகின்றன. இது செவியின் இயல்பு. பாஸ் கிட்டார் அளவு மீறினால் முதலில் மறைவது இந்த நுட்பம். ஐந்தே சுரங்களில் நிற்கும் இசையில் ஒன்று மறைந்தாலும் ராகத்தின் முகமே மாறிவிடும்.

எல்லாக் கூட்டணிக்கும் இந்தச் சிக்கல் வராது. அடிஸ் அபாபாவின் சாக்ஸபோன் மேதை கெதாச்செவ் மெகுரியா, நெதர்லாந்தின் பங்க் குழுவான தி எக்ஸுடன் 2006இல் இசைத்தொகுப்பு வெளியிட்டார். பிறகும் பல மேடைகளில் சேர்ந்து வாசித்தார். டெனர் சாக்ஸபோன் மின்கிட்டார்களுக்கு எதிரே தன் பலத்தில் நிற்கும். வைப்ரஃபோனாலும், எத்தியோப்பிய யாழான கிராராலும், வாஷிந்த் புல்லாங்குழலாலும் அப்படி நிற்க முடியாது.

மேடையில் சத்தம் ஏறும் விதத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூத்த கலைஞர் தன் கருவி கேட்கவில்லை என்று, மேடையில் தன்னை நோக்கி வைத்த ஸ்பீக்கரான மானிட்டரைக் கூட்டச் சொல்கிறார். வயதாகும்போது உயர் அதிர்வெண்கள்தான் முதலில் மங்கும் என்பதால் அவருடைய கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. அது கூடியதும் கிட்டார்காரர் தன் ஆம்ப்ளிஃபயரைத் திருகுகிறார். டிரம்ஸ் வாசிப்பவரின் கையும் கனக்கிறது. இளைஞர்களே, உங்கள் மரியாதையை இந்த இடத்தில் காட்டுங்கள். கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கில் வைப்ரஃபோனை மைக் இல்லாமல் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது காதில் விழும் அளவுக்கு உங்கள் கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். டிரம்ஸைத் தள்ளி வையுங்கள். கிட்டார் ஆம்ப்ளிஃபயரை மூத்தவரின் பக்கம் திருப்பாதீர்கள்.

இதில் உங்கள் காதும் அடக்கம். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். ஒன்றரை மணி நேரக் கச்சேரியில் அந்த எல்லையை இரண்டாவது பாட்டிலேயே கடந்துவிடுவீர்கள். ஒத்திகைகளின் கணக்கு தனி.

பஞ்சு போன்ற காதடைப்பான் உயர் ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடுவதால் இசைஞர்கள் அதை வெறுக்கிறார்கள். இசைஞர்களுக்கென்றே வடிகட்டி வைத்த அடைப்பான்கள் எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறையச் சமமாகக் குறைக்கின்றன. 15 டெசிபல் குறைப்பது பெரும்பாலான மேடைகளுக்குப் போதும். போட்டுக்கொண்டே ஒத்திகை பாருங்கள். கச்சேரியன்று முதன்முதலாகப் போட்டால் கை தடுமாறும்.

கச்சேரி முடிந்த பிறகு காதுக்குள் இரைச்சல் கேட்டால், அன்றிரவு ஹெட்ஃபோனைத் தொடாதீர்கள். மறுநாளும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென மந்தமானால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே போங்கள். அங்கே தாமதம் கேட்கும் திறனையே பறிக்கக்கூடும்.